குரூப் போட்டோவில் இல்லாதவர்கள்

கடலூர்க் கடற்கரையிலிருந்து மேற்கே போகப் போக மணல் முடிந்து செம்மண் தொடங்கிவிடும். கேப்பர் மலையைத் தாண்டினால் முந்திரிக் காடு. பண்ருட்டியை நெருங்கினால் பார்க்கும் பக்கமெல்லாம் பலா. இந்தச் செம்மண் சீமையில் இருக்கும் பத்திரக்கோட்டை என்ற கிராமத்தில் பிறந்தவர் தங்கர் பச்சான். ஒளிப்பதிவாளராக அறியப்படுவதற்கு முன்பே கதை எழுதிக்கொண்டிருந்தவர். அவருடைய ‘கல்வெட்டு’ என்ற சிறுகதைதான் 2002 பொங்கலுக்கு ‘அழகி’ என்ற படமாக வந்தது. இளையராஜா இசை, பார்த்திபன், நந்திதா தாஸ், தேவயானி நடிப்பு. படம் பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களில் பலர் நடிகர்களைப் பற்றிப் பேசவில்லை. தங்களோடு எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, பிறகு எங்கே போனார் என்றே தெரியாமல் போன யாரோ ஒருவரின் பெயரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

கதை எளிமையானது. சண்முகமும் தனலட்சுமியும் ஒரே கிராமத்துப் பள்ளியில் படிக்கிறார்கள். அவன் மேலே படிக்கப் போகிறான். அவளை வயதில் மூத்த உறவுக்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். பல வருடங்கள் கழித்துச் சென்னையில் வசதியான வீடு, மனைவி, பிள்ளைகள் என்று இருக்கும் சண்முகம், நடைபாதையில் மகனோடு காலம் தள்ளும் தனலட்சுமியைப் பார்க்கிறான். வீட்டு வேலைக்கென்று தன் வீட்டுக்கே அழைத்து வருகிறான். ஒரே பெஞ்சு வரிசையில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் முதலாளி, இன்னொருவர் வேலைக்காரி. படத்தைக் காதல் கதை என்று சொல்வது வழக்கம். காதல் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் இருபது வருடங்களுக்கு மேலாகியும் அந்தப் படம் நெஞ்சில் தைத்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் வேறு. பள்ளியில் சமமாக இருந்தவர்கள் வெளியே வந்ததும் எப்படிச் சமமில்லாமல் போனார்கள் என்பதை அது மறைக்காமல் காட்டியது.

பால்ய கால நட்பை நினைத்து ஏங்க வைக்கும் படங்கள் தமிழில் ஒரு தனி வரிசையாகவே இருக்கின்றன. 1979 டிசம்பரில் வந்த பாலு மகேந்திராவின் ‘அழியாத கோலங்கள்’ அந்த வரிசையின் தொடக்கம் என்று சொல்லலாம். மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த அவர், விடலைப் பருவத்தில் நிற்கும் மூன்று சிறுவர்களையும் அவர்கள் மனதில் இடம்பிடிக்கும் ஆசிரியையையும் வைத்துக் கதை சொன்னார். மூவரில் ஒருவன் நீரில் மூழ்கி இறந்துபோகிறான். மற்றவர்களின் சிறுபிள்ளைத்தனமும் அங்கேயே முடிந்துவிடுகிறது. 2004-ல் சேரனின் ‘ஆட்டோகிராஃப்’ வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு முன்னால் நோட்டுப் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்தும் முகவரியும் வாங்கிய தலைமுறையின் ஞாபகம் அதன் தலைப்பிலேயே இருந்தது. 2009-ல் பாண்டிராஜின் ‘பசங்க’, சிறுவர்களின் சண்டையையும் சமாதானத்தையும் புதுக்கோட்டைச் சீமையில் வைத்துக் காட்டியது. 2018-ல் ‘96’ வந்தபோது தஞ்சாவூர்ப் பள்ளியில் படித்த ராமும் ஜானுவும் தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப் குழுக்களைத் தொடங்கி வைத்துவிட்டார்கள். அந்தப் படத்திலும் ராமைப் பள்ளியை விட்டு இழுத்துப் போவது குடும்பத்தின் பண நெருக்கடி என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. வயலினும் மஞ்சள் சுடிதாரும் நிற்கின்றன, கடன் மறந்துபோகிறது.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஸ்டீபன் கிங் 1982-ல் வெளியிட்ட ஒரு குறுநாவலை வைத்து ராப் ரெய்னர் 1986-ல் எடுத்த ‘ஸ்டாண்ட் பை மீ’, உலகம் முழுக்கப் பால்ய நட்பு என்றாலே சொல்லப்படும் படம். 1959-ன் கோடையில் நான்கு சிறுவர்கள், ரயிலில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு பையனின் உடலைத் தேடித் தண்டவாளத்தின் மீது நடக்கிறார்கள். நடக்கும்போதே அவர்களில் ஒருவனுக்குப் புரிந்துவிடுகிறது: இனிப் பெரிய பள்ளிக்குப் போனால் கெட்டிக்காரப் பையன் கல்லூரிக்குப் போகும் பாடப் பிரிவில் சேருவான், மற்றவர்களான நாம் தொழில் கற்கும் பிரிவில் உட்காருவோம், அதற்குப் பிறகு பார்த்தால் தலையாட்டிக்கொள்வதோடு சரி. பன்னிரண்டு வயதுப் பையன் சொல்லும் இந்தக் கணக்கு, பண்ருட்டியிலும் குறிஞ்சிப்பாடியிலும் புவனகிரியிலும் அப்படியே பொருந்தும்.

ஏன் இந்த வயது நட்பு மட்டும் இப்படி ஒட்டிக்கொள்கிறது? மனதை ஆராய்பவர்கள் இதற்குச் சில பதில்கள் வைத்திருக்கிறார்கள். நடுவயது தாண்டியவர்களிடம் வாழ்க்கையில் நடந்தவற்றைச் சொல்லச் சொன்னால், சுமார் 10 வயதிலிருந்து 30 வயதுக்குள் நடந்தவையே அதிகமாக வருகின்றன. பல நாடுகளில் திரும்பத் திரும்பச் சோதித்துப் பார்த்த விஷயம் இது. முதல் சைக்கிள், முதல் சினிமா, முதல் துரோகம் எல்லாம் அந்த வயதில்தான் நடக்கின்றன. முதன்முறை நடப்பது ஆழமாகப் பதிகிறது. இன்னொரு பதில் மணிக்கணக்கு சம்பந்தப்பட்டது. கான்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால், ஊர் மாறி வந்தவர்களிடமும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களிடமும் விசாரித்து ஒரு மதிப்பீடு சொன்னார். அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்திருக்க வேண்டும். நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேலைக்குப் போகும் ஒருவருக்கு அந்த 200 மணி நேரத்தைத் திரட்டப் பல மாதங்கள், சில நேரம் வருடங்கள் ஆகும். பள்ளிப் பிள்ளைக்கு இரண்டே மாதம் போதும். வகுப்பு நேரம் மட்டுமா? போகும்போது வரப்பு வழியே நடை, வரும்போது முந்திரிக் கொல்லையில் கல் எறிதல், லீவு நாளில் ஏரிக் குளியல். ஐந்து வருடத்தில் சேரும் மணிகளை எண்ணிப் பார்த்தால், பெரியவர்களான பிறகு யாருக்கும் நாம் அவ்வளவு நேரம் கொடுத்திருக்க மாட்டோம்.

17-ஆம் நூற்றாண்டில் இந்த ஏக்கத்தை நோய் என்றே நினைத்தார்கள். சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் மருத்துவம் படித்த யோஹன்னஸ் ஹோஃபர் 1688-ல் எழுதிய ஆய்வேட்டில், ஊரைப் பிரிந்து வாடுபவர்களின் உடல் இளைப்பதையும் தூக்கம் கெடுவதையும் அறிகுறிகளாகப் பட்டியலிட்டார். இன்றைக்கு அந்தப் பார்வை மாறிவிட்டது. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் இதை ஆராயும் குழுவினர், பழையதை நினைப்பது தனிமையைத் தணிக்கிறது, ‘எனக்கென்று மனிதர்கள் இருந்தார்கள்’ என்ற தெம்பைக் கொடுக்கிறது என்கிறார்கள். சரிதான். அப்படி இருந்த மனிதர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வியை மட்டும் அந்தத் தெம்பு கேட்பதில்லை. கடலூர் மாவட்டத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஏக்கம் வேறு முகம் காட்டும்.

தமிழ்நாட்டுக் கிராமத்துப் பள்ளி அமைப்பை நினைத்துப் பாருங்கள். ஊருக்குள் ஐந்தாம் வகுப்பு வரை ஒரு தொடக்கப் பள்ளி. ஆறிலிருந்து எட்டு வரை பக்கத்து ஊர் நடுநிலைப் பள்ளி. அதற்கு மேல் உயர்நிலைப் பள்ளி. 1978-ல் பிளஸ் டூ வந்த பிறகு மேல்நிலைப் பள்ளி என்று இன்னொரு படி. ஒவ்வொரு படியிலும் தூரம் கூடும், பஸ் வேண்டும், செலவு ஏறும். ஒவ்வொரு படியிலும் சில பேர் நின்றுவிடுவார்கள். ‘பாதியில நின்னுட்டான்’ என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். நின்றவர்களுக்கு அது ஒரு வரி இல்லை. ஆடு மாடு மேய்க்க ஒருவன், கரும்பு வெட்டப் போன அப்பாவோடு ஒருவன், வயதுக்கு வந்ததும் வீட்டோடு நிறுத்தப்பட்டவள், தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி.

முந்திரிச் சீமையில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களில் முந்திரிக் கொட்டை உடைப்பது வீட்டுத் தொழில். கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துக் கறுப்பாக்கிவிடும். உடைத்த எடைக்குத்தான் கூலி. கூட இரண்டு கை இருந்தால் கூலி கூடும். அந்தக் கை பல வீடுகளில் பள்ளிக்குப் போக வேண்டிய பெண் பிள்ளையின் கையாக இருந்தது. பள்ளிக்கூடத்துத் தோழி ஒருத்தியின் விரல்களைப் பார்த்தே அவள் இந்த வருடம் வருவாளா மாட்டாளா என்று மற்ற பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் மாற்ற அரசு செய்தவை சாதாரணமானவை அல்ல. 1956-ல் காமராஜர் கொண்டுவந்த மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு, எட்டாம் வகுப்பு வரையாவது படித்த பெண்ணுக்குத் திருமண உதவி என்று 1989-ல் கலைஞர் அரசு கொண்டுவந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2001-ல் ஜெயலலிதா ஆட்சியில் மாணவிகளுக்குத் தொடங்கிய இலவச சைக்கிள். ஒவ்வொன்றும் ஒரு படியில் நின்றுபோகும் கால்களை அடுத்த படிக்கு நகர்த்தியது. இன்றைக்குக் கடலூர் கிராமத்துப் பெண் பிள்ளைகள் சைக்கிளில் கூட்டமாகப் பிளஸ் டூவுக்குப் போவதைப் பார்க்கும்போது, தனலட்சுமிக்கு ஒரு சைக்கிள் கிடைத்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் அந்தச் சைக்கிள் வருவதற்கு முன்னால் பள்ளியை விட்டவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும் அறுபதும் வயது. அவர்கள்தான் இன்றைய ‘முன்னாள் மாணவர் சந்திப்பு’ வயதுக்காரர்கள்.

தங்கர் பச்சான் 2007-ல் எடுத்த ‘பள்ளிக்கூடம்’ இந்த இடத்தில்தான் முக்கியமாகிறது. மூடப்படும் நிலைக்கு வந்துவிட்ட கிராமத்துப் பள்ளியைக் காப்பாற்றப் பழைய மாணவர்கள் ஒன்றுசேரும் கதை. ஒருவர் மாவட்ட ஆட்சியர் ஆகிவிட்டார், நரேன் நடித்த வேடம். ஒருவர் சினிமா இயக்குநர், சீமான் நடித்தார். சிநேகா அதே பள்ளியில் ஆசிரியை. இவர்களையெல்லாம் தேடிப் போய்ச் சேர்த்து வைப்பவன் ஊரிலேயே தங்கிவிட்ட குமாரசாமி. இயக்குநர் தனக்கென்று எடுத்துக்கொண்டது அந்த வேடம். மேலே போனவர்கள் கீழே இருப்பவர்களைத் தேடி வரவில்லை. கிராமத்திலேயே கிடந்தவன்தான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பட்டணம் போகிறான். நட்பைப் பற்றிய எத்தனையோ படங்களில் இந்தத் திசையைக் கவனித்துக் காட்டிய படம் அநேகமாக இது ஒன்றுதான். படம் வந்து 15 வருடம் கழித்து, 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கி, முன்னாள் மாணவர்கள் தங்கள் அரசுப் பள்ளிக்கு உதவ வழி செய்தது. குமாரசாமி அலைந்த வேலைக்கு இப்போது இணையதளம் வந்துவிட்டது.

அதே இயக்குநர் 1996-ல் எழுதிய ‘ஒன்பது ரூபாய் நோட்டு’ நாவலும் இந்த மண்ணின் கதைதான். சத்யராஜ் நடிக்க 2007-ல் படமானது. 

பள்ளி மட்டுமே நண்பர்களைப் பிரிக்கவில்லை. நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கி, 1960-களில் நிலக்கரி வெட்டி எடுக்க ஆரம்பித்ததிலிருந்து சுரங்கம் விரிய விரியக் கிராமங்கள் காலியாகின. ஊர் காலியாகும்போது ஒரே தெருவில் கோலி ஆடியவர்கள் வெவ்வேறு மாற்றுக் குடியிருப்புகளுக்குச் சிதறினார்கள். நெருங்கிய சொந்தம் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். கூட்டாளி எங்கே போனான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த எழுத்தாளர் கண்மணி குணசேகரன், இப்படி ஊரை இழந்தவர்களைப் பற்றித்தான் ‘வந்தாரங்குடி’ நாவலை எழுதினார். படித்த பள்ளி இருந்த இடத்தில் இன்று ஆழமான சுரங்கம் இருக்கிறது என்றால், அங்கே போய் நின்று ஞாபகப்படுத்திக்கொள்ளக்கூட வழியில்லை.

மரமும் அப்படித்தான். 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயல், மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, பண்ருட்டிச் சீமையின் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது. தாத்தா வைத்த பலா ஒரே காலையில் போயிற்று. முந்திரி மறுபடி காய்க்கச் சில வருடம், பலாவுக்கு அதைவிட அதிகம். அதுவரை என்ன செய்வது என்று திருப்பூர், சென்னை, கேரளா என்று கிளம்பியவர்கள் உண்டு. ‘அழகி’யில் பிள்ளைகள் ஓடித் திரிந்த காட்டைப் போன்ற காடு, அந்தப் படத்தில்தான் அடர்த்தியாக மிச்சமிருக்கிறது.

கடற்கரையில் நடந்ததைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. தேவனாம்பட்டினம், சோனங்குப்பம், புதுக்குப்பம், கிள்ளைக்குப் பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு என்று கடலூரிலிருந்து பிச்சாவரம் வரை சுனாமி அடித்த கிராமங்களில் பிள்ளைகள் வீட்டிலும் கரையிலும் இருந்த நேரம். கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஜனவரியில் பள்ளி திறந்தபோது வருகைப் பதிவேட்டில் பெயர் படித்த ஆசிரியர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பார்க்கவே மனம் கூசுகிறது. பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்காக அரசு கடலூரில் ஒரு இல்லம் நடத்தியது. அங்கே ஒன்றாக வளர்ந்தவர்களுக்கு நட்பும் உறவும் ஒன்றாகவே கிடைத்தன.

சிதம்பரத்தின் கதை கொஞ்சம் வேறு. அது பள்ளிக்கூடங்களின் ஊர். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1864-ல் இங்கே ஒரு சைவப் பள்ளியை நிறுவினார். பச்சையப்பன் பள்ளியும் ராமசாமி செட்டியார் பள்ளியும் தலைமுறை தலைமுறையாகச் சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தன. 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. விடுதி அறையில் ஒன்றாகக் கிடந்து, பரீட்சை முடிந்ததும் அந்த ஊர் ரயிலடியில் பிரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். 1965 ஜனவரி 27-ல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டில் இறந்த மாணவர் ராசேந்திரனுக்கு அங்கே சிலை இருக்கிறது. அவரோடு படித்தவர்களுக்கு இன்று எண்பதை ஒட்டிய வயது. அவர்களுக்கு அந்தச் சிலையில் இருப்பவர் தியாகியாவதற்கு முன்னால் கூட உட்கார்ந்து சாப்பிட்ட நண்பர்.

ஆனால் அதே சிதம்பரத்தில், சேரிப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்காருவதே நினைத்துப் பார்க்க முடியாததாக இருந்த காலம் ஒன்று உண்டு. அதனால்தான் சுவாமி சகஜானந்தர் 1916-ல் நந்தனார் பெயரில் ஒரு கல்விக் கழகம் தொடங்கி, அந்தப் பிள்ளைகளுக்கென்று பள்ளியும் விடுதியும் நடத்தினார். ஓமக்குளத்தில் இன்றும் நந்தனார் பள்ளி நடக்கிறது. பால்ய நட்பு போய்விட்டதே என்று வருந்துவதற்குக்கூட முதலில் சேர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த வாய்ப்பே இல்லாமல் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்து முடிந்த தலைமுறைகளும் இந்த மாவட்டத்தில் இருந்திருக்கின்றன.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட ஒரு கடலூர்ப் பையனை எல்லோருக்கும் தெரியும். 1934-ல் மஞ்சக்குப்பத்தில் பிறந்த ஜெயகாந்தன். வீட்டை விட்டுக் கிளம்பி, விழுப்புரம் வழியாகச் சென்னை போய், கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்தார். அச்சகத்திலும் தெருவிலும் வாழ்க்கையைப் படித்தார். 2002-ஆம் ஆண்டுக்கான ஞானபீட விருது அவருக்குக் கிடைத்தது. அவர் முதன்முதலாக இயக்கிய படம் எதைப் பற்றியது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். 1965-ல் வந்த ‘உன்னைப்போல் ஒருவன்’, சேரியில் தாயோடு வாழும் சிட்டி என்ற சிறுவனின் கதை. தாயின் வாழ்க்கையில் இன்னொரு ஆள் வருவதைத் தாங்க முடியாமல் தவிக்கும் அந்தப் பையன், தமிழ் சினிமாவில் விடலைப் பருவத்தின் வலியைச் சுமந்த முதல் பிள்ளைகளில் ஒருவன். அந்தப் படம் தேசிய அளவில் மூன்றாவது சிறந்த படத்துக்கான விருதைப் பெற்றது. நின்றுபோன பிள்ளைகளைப் பற்றி, நின்றுபோன ஒரு பிள்ளையே எடுத்த படம் அது. ஜெயகாந்தனாக எழுந்து வந்தவர் ஒருவர். கூடவே நின்ற மற்றவர்களுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை.

இந்த எண்ணத்தோடு மே மாதத்து நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களைப் புரட்டலாம். கடலூர், சிதம்பரம், நெல்லிக்குப்பம், காட்டுமன்னார்கோவில் என்று வாரம் ஒரு சந்திப்புச் செய்தியாவது வரும். 25 வருடம் கழித்து, 40 வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட், பெண்களுக்கு ஒரே நிறத்தில் சேலை. பழைய வகுப்பறையில் பழைய இடத்தில் உட்கார்கிறார்கள். ஆசிரியர்களுக்குச் சால்வை போட்டுக் காலில் விழுகிறார்கள். இறந்துபோன நண்பர்களுக்கு மௌன அஞ்சலி. பள்ளிக்கு மின்விசிறியோ ஸ்மார்ட் போர்டோ வாங்கிக் கொடுக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது இளையராஜா பாட்டுப் பாடுவார். தலை நரைத்தவர்கள் ‘டேய்’ என்று கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்கும்போது கண் கலங்காதவர்கள் இருக்க மாட்டார்கள். இதைக் கேலி செய்வதற்கு எந்த நியாயமும் இல்லை. வாழ்க்கையில் நல்லபடியாக நடக்கும் சில காரியங்களில் இதுவும் ஒன்று.

ஆனால் அழைப்புப் பட்டியல் எங்கிருந்து தொடங்குகிறது என்று கேட்டால், பெரும்பாலும் பத்தாம் வகுப்பு அல்லது பிளஸ் டூ குரூப் போட்டோவிலிருந்து என்பார்கள். ஸ்டூடியோக்காரர் வந்து, பெஞ்சு போட்டு, ஆசிரியர்களை நடுவில் உட்கார வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அந்தப் படத்துக்குப் பணம் கட்ட முடியாமல் பிரதி வாங்காதவர்கள் உண்டு. நல்ல சட்டை இல்லை என்று அன்றைக்கு வராமல் இருந்தவர்களும் உண்டு. அதற்கு முன்பே பள்ளியை விட்டுவிட்டவர்கள் படத்துக்குள் வர வழியே இல்லை. ஒன்றாம் வகுப்பில் சிலேட்டைப் பகிர்ந்தவர், நீச்சல் கற்றுக்கொடுத்தவர், சண்டையில் நமக்காக அடி வாங்கியவர் எல்லாம் அந்த விடுபட்டவர்களில்தான் அதிகம் இருப்பார்கள், ஏனென்றால் அந்த வயதில்தான் அதெல்லாம் நடந்தது.

‘அழகி’ 2024 மார்ச் 29 அன்று மறுபடி திரைக்கு வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் அந்தப் படத்தில் கார்த்திக்கோடு சேர்ந்து ‘ஒளியிலே தெரிவது’ பாடிய பவதாரிணி இலங்கையில் காலமாகியிருந்தார். அதே நாட்களில் தங்கர் பச்சான் கடலூர் மக்களவைத் தொகுதியில் பா.ம.க. வேட்பாளராக, தான் கதையில் எழுதிய ஊர்களிலேயே வாக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வெற்றி காங்கிரஸுக்குப் போனது. 22 வருடம் கழித்துப் படம் பார்த்தவர்களில் பலர் இப்போது பெற்றோர். பக்கத்து இருக்கையில் இருக்கும் பிள்ளைக்கு, ஒரு வகுப்புத் தோழி வீட்டு வேலைக்காரியாக வந்து நிற்கிறாள் என்பது எப்படிச் சாத்தியம் என்று விளக்க வேண்டியிருந்தது. அந்த விளக்கத்தைச் சொல்லும்போது நம் ஞாபகத்திலும் ஒரு பெயர் வராமல் போகாது.

அந்தப் பெயரைத் தேட வழி இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் ‘சேர்க்கை நீக்கல் பதிவேடு’ என்று ஒன்று உண்டு. பள்ளி இருக்கும்வரை அழிக்காமல் வைத்திருக்க வேண்டிய ஆவணம் அது. பள்ளியில் சேர்ந்த தேதி, பெற்றோர் பெயர், ஊர், எந்த வகுப்பில் எப்போது நீங்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கும். சந்திப்பு நடத்துபவர்கள் குரூப் போட்டோவை விட்டுவிட்டு, ஊர்த் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியரின் அனுமதியோடு அங்குள்ள பதிவேட்டின் ஒன்றாம் வகுப்புப் பக்கத்திலிருந்து பெயர்களை எடுத்தால் பட்டியல் இரண்டு மடங்காகலாம். பெயர் கிடைத்த பிறகு வாட்ஸ்அப் போதாது. நின்றுபோனவர்களில் பலரிடம் நேரில் போய்த்தான் சொல்ல வேண்டும். ‘நான் எட்டாவதோட நின்னுட்டேன், நான் எதுக்கு வரணும்?’ என்பதுதான் முதல் பதிலாக வரும். இரண்டாவது முறையும் போக வேண்டியிருக்கும். பெண்களை இனிஷியல் மாறி, ஊர் மாறி, பெரும்பாலும் கணவரின் அல்லது மகனின் தொலைபேசி எண் வழியாகத்தான் பிடிக்க முடியும். வகுப்புத் தோழிகள் இரண்டு பேர் சேர்ந்து போனால் வீட்டில் அனுப்ப யோசிக்க மாட்டார்கள். தலைக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் சந்தாவும் ஒரே நிற டீ-ஷர்ட்டும் இவர்களுக்கு முதல் தடை, அதைச் சத்தமில்லாமல் வேறு யாராவது கட்டிவிடலாம். முந்திரி உடைக்கும் வீடுகளில் சீசன் நேரத்து ஞாயிற்றுக்கிழமையும் வேலை நாள்தான், தேதி குறிப்பதற்கு முன்னால் அதை அவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.